விளங்காத அழைப்பு

தனக்கு விளங்காத மொழியில் வந்த வேண்டுகோளுக்குத் தன் மனம்போன பொருள்கொண்டு விடையிறுத்தல் அறமாகுமா? விண்டோஸ் நிரல், பணிசெயல் முறைமையின் கருப்பகுதியை ஓர் எண்ணால் அழைக்கிறது. லினக்ஸில் அவ்வெண்ணுக்குப் பணி வேறு. 1993இல் தொடங்கிய வைன் என்னும் மென்பொருள் இரண்டுக்குமிடையே மொழிபெயர்ப்பாளனாய் நின்றது. அதனைத் தவிர்த்து நேரே அழைத்த நிரல்களை எளிதில் இடைமறிக்க அதனால் இயலவில்லை. 2021 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 5.11, அத்தகைய அழைப்பை நிறைவேற்றாது, சமிக்ஞையொன்றால் மொழிபெயர்ப்பாளனிடமே திருப்பிவிட வழிசெய்தது. கருப்பகுதி அந்நிய மொழியைக் கற்கவில்லை, கற்றதாக நடிக்கவுமில்லை.

இவ்வினா மனிதரிடையேயும் எழும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. நுகேகொடையில் அலுவலகமொன்றில் தமிழ் விண்ணப்பம் நீட்டுபவருக்குக் குறைந்தபட்சம் இந்நேர்மையேனும் வேண்டும். ஆனால் நிரல் விருந்தினன், அவரோ குடிமகன். மொழிபெயர்ப்பாளர் வாராத நாளிலும் அவர் வேண்டுகோள் அங்கேயே விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும்.