ஓராண்டு நிபந்தனை

இளமையில் கண்டு உருகிய ஒரு திரைப்படத்தை முதுமையின் வாயிலில் நின்று மறுபடியும் காண நேரும்போது, மாறியிருப்பது படமா நாமா என்னும் கேள்வி எழாமல் இராது. படச்சுருள் மாறுவதில்லை, எனவே மாறியவர் நாமே என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால் அம்மாற்றம் வளர்ச்சிதானா, அன்றி வெறும் இடமாற்றமா என்பதே ஆராயத்தக்கது.

ஹைதராபாத், செகந்தராபாத் இரட்டை நகரங்களில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினாவை எழுப்ப ‘மரோ சரித்ரா’வினும் பொருத்தமான படம் வேறில்லை எனலாம். 1978-இல் கே. பாலசந்தர் தெலுங்கில் எடுத்த படம் அது. விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பாலுவும், அடுத்த வீட்டுத் தெலுங்குப் பெண் ஸ்வப்னாவும் காதல் கொள்கின்றனர். பாலுவாகக் கமல்ஹாசனும், ஸ்வப்னாவாகப் புதுமுகம் சரிதாவும் நடித்தனர். வண்ணப்படங்கள் பெருகிவிட்ட நாளில் கறுப்பு வெள்ளையில் வந்த படம். தெலுங்குப் படமாகவே சென்னையில் 596 நாட்கள் ஓடியது என்பர். மொழிமாற்றம் இன்றியே தமிழர் அதைத் தம்முடையதாக்கிக் கொண்டனர் என்பதில் நம் போன்றோருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. காய்கறிக் கடையிலும் பேருந்திலும் நாம் நாள்தோறும் செய்வதை அவர்கள் திரையரங்கில் செய்தார்கள், அவ்வளவே.

மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் வளர்ந்த பதின்வயதினராகிய எங்களுக்கு அப்படம் வேடிக்கையாகவும் இருந்தது, வேதமாகவும் இருந்தது. பாலுவின் அரைகுறைத் தெலுங்கு எங்கள் தந்தையரின் தெலுங்கேதான். அவள் தெலுங்கில் பாடிக்கொண்டு போக, பொருள் விளங்காமல் இவன் இடையிடையே தமிழில் கேட்பான். திரைப்படப் பெயர்களையே தொடுத்து மின்தூக்கிக்குள் ஒரு காதற்பாட்டு நடக்கும். இத்தகைய கோணங்கித்தனங்களில் நாங்கள் சொக்கிப் போனோம். இரு வீட்டுப் பெற்றோரும் எங்கள் கண்ணுக்குக் கொடியவர்களாகவே தோன்றினர். அதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிப் பிள்ளைகளுக்கு மணம் முடித்த வயதில், வீட்டுத் தொலைக்காட்சியில் அதைத் திரும்பக் கண்டேன். முதலில் உறுத்தியது முடிவு. ஸ்வப்னா வன்கொடுமைக்கு ஆளாகிறாள். பாலுவை அடியாட்கள் தாக்குகின்றனர். இருவரும் உயிர் துறக்கின்றனர். அப்பெண் ஏன் சாகவேண்டும், அவள் பிழைத்திருந்து வாழ்வதற்கு என்ன தடை என்று படம் கேட்கவே இல்லை. 1981-இல் இதே கதையைப் பாலசந்தர் ‘ஏக் தூஜே கே லியே’ என்று இந்தியில் எடுத்தார். அதைக் கண்ட இளங்காதலர் சிலர் தம்மை மாய்த்துக் கொண்டதாக அந்நாளில் செய்திகள் வந்தன. காதலின் பெருமையைச் சாவினால் அளக்கும் இம்முறையை இன்று என்னால் ஏற்க இயலவில்லை. இவ்விடத்தில் முதிர்ந்த கண் இளங்கண்ணைவிடத் தெளிவாகவே காண்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படியா? படத்தின் நடுவே பெற்றோர் ஒரு நிபந்தனை விதிக்கின்றனர். ஓராண்டுக் காலம் இருவரும் சந்திக்கலாகாது, தொடர்பே கொள்ளலாகாது. அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் முடிக்கலாம். அந்தப் பிரிவாண்டைக் கழிக்கப் பாலு வந்து சேரும் ஊர் நம் ஹைதராபாத்தேயாகும்.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்ந்த வாழ்வில் பதினாறில் ஒரு பங்கு. அறுபதைத் தாண்டியவனுக்கோ ஒரு தீபாவளியின் களைப்பு ஆறுமுன் அடுத்த தீபாவளி வந்துவிடுகிறது. அன்று கொடுமையாகத் தெரிந்த நிபந்தனை இன்று நியாயமாகத் தெரிவதில் வியப்பில்லை. ‘ஒரு வருஷம் பொறுத்தால் குடியா முழுகிவிடும்?’ என்று வாய் தானாகவே முணுமுணுக்கிறது. இப்படி முணுமுணுப்பதைத்தான் நாம் முதிர்ச்சி என்று பெயரிட்டுப் பாராட்டிக் கொள்கிறோம்.

சற்றே நின்று நோக்கினால், அந்த நிபந்தனையின் தீமை அதன் நீளத்தில் இல்லை, விதித்தோரின் உள்ளக்கிடக்கையில் இருக்கிறது என்பது புலனாகும். காதல் உறுதியானதா என்று அறிவதற்காக அவர்கள் ஓராண்டு கேட்கவில்லை. அதற்குள் அது மங்கிவிடும் என்று நம்பிக் கேட்டனர். மாணவன் தோற்கவேண்டும் என்றே வினாத்தாள் எழுதுகிறவரை ஆசிரியர் என்று அழைப்போமா? ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் தந்தையோடு மகன் வாதாடலாம், அழலாம், சினந்து வெளியேறலாம். ‘ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம்’ என்று புன்முறுவலுடன் சொல்லும் தந்தையிடம் அவன் என்ன செய்வான்? நன்றி கூறிவிட்டு நகரவேண்டியதுதான். மறுப்பில் இருக்கும் நேர்மைகூட இத்தகைய இசைவில் இல்லை.

பெற்றோர் பக்கம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதன்று. அயல்மண்ணில் குடியேறியவனுக்கு வரும் அச்சம் உள்ளூரானுக்குத் தெரியாது. நாளை பேரக்குழந்தை தன்னிடம் எந்த மொழியில் பேசும், தான் இறந்தபின் வீட்டில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறக்க ஆள் இருக்குமா என்னும் கவலையை எள்ளி நகையாடுபவன் நான் அல்லன். எனக்கும் அது உண்டு. ஆயினும் அக்கவலையை வாய்விட்டுச் சொல்லலாமே. ‘அம்மா, உன் பிள்ளைக்கு நீ தமிழும் சொல்லித் தருவாயா?’ என்று வரப்போகும் மருமகளிடம் நேரே கேட்டுவிட்டால் அவளும் ஒரு விடை சொல்வாள். பேசவேண்டியதைப் பேசாமல் காலத்தை ஏவிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் பிழை.

நம் பழந்தமிழ் அகப்பாடல்கள் இவ்வகையில் நம்மினும் நேர்மையானவை. உடன்போக்கு என்னும் ஒரே நிகழ்வைத் தலைவி ஒருவகையாகச் சொல்வாள். தோழி, செவிலி, நற்றாய் எனத் தனித்தனிக் கூற்றுகள் உண்டு. வழியிற் கண்டோருக்கும் பேச இடமுண்டு. கலித்தொகையில், மகளைத் தேடிப் பாலைவழி செல்லும் செவிலியிடம் எதிர்வரும் அந்தணர், மலையில் பிறந்த சந்தனம் பூசிக்கொள்வோர்க்கே பயன்படும் என்று உவமை காட்டித் தேற்றுவர். அதற்காகச் செவிலியின் துயரத்தைப் பொய் என்று அவர்கள் தள்ளவில்லை. பதினாறில் நான் தலைவன் கூற்றை மட்டும் கேட்டேன். இன்று நற்றாய் கூற்றும் காதில் விழுகிறது. இது கேட்கத் தொடங்கியதும் அது கேளாமற் போயிற்றென்றால், அதனை வளர்ச்சி என்பது எங்ஙனம்?

தார்நாகாவில் வாழும் அன்பர் ஒருவரின் மகன், தன்னோடு பணியாற்றும் தெலுங்குப் பெண்ணை மணக்க விரும்பினான். தந்தை மறுக்கவில்லை, வெளிநாட்டில் ஓராண்டு வேலை பார்த்துத் திரும்பட்டும் என்றார். “காலம் சோதிக்கட்டும், சார்” என்று என்னிடம் பெருமையாகவே சொன்னார். “சோதனையில் தேறிவிட்டால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?” என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, அவ்வாண்டு ஸ்கந்தகிரியில் நடந்த கந்த சஷ்டி விழாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

‘மரோ சரித்ரா’வில் பெரியவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டு. அவர் பெற்றோருள் ஒருவர் அல்லர். ஹைதராபாத்தில் பாலு சந்திக்கும் இளம் விதவை சந்தியா. மாதவி நடித்த பாத்திரம். ஸ்வப்னா வேறொருவனை மணக்கப் போவதாகத் தவறாக எண்ணிய பாலு, சினத்தில் சந்தியாவை மணக்க முடிவு செய்கிறான். அவன் உள்ளத்தில் இருப்பவள் வேறொருத்தி என்று சந்தியா அறிகிறாள். அறிந்தும் வாளாவிருந்தால் அவளுக்கு மறுபடி ஒரு வாழ்வு அமையும். அவளோ விசாகப்பட்டினம் சென்று இருவருக்கும் இடையிலுள்ள மயக்கத்தைத் தீர்த்துவைக்கிறாள். அவளுக்கு வயது அதிகமில்லை, பிள்ளையில்லை, அதிகாரமுமில்லை. 1978-இல் படம் விட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் பாலுவைப் பற்றியும் ஸ்வப்னாவைப் பற்றியுமே பேசிக்கொண்டு வந்தோம். சந்தியாவைப் பற்றி எவரும் ஒரு சொல் சொன்னதாக எனக்கு நினைவில்லை.