பெயர் யாருடையது?

“டி, டு, டே, டோ! இந்த நான்கில் ஒன்றைக் கொண்டுதான் குழந்தையின் பெயர் தொடங்க வேண்டும்!”

மயிலாப்பூர் மாடவீதியில் அமர்ந்து, பஞ்சாங்கத்தைப் புரட்டி, சோதிடர் ஒருவர் வழங்கிய தீர்ப்பு இது. தீர்ப்புக்கு ஆளான குற்றவாளி யார்? பிறந்து ஒன்பதே நாளான பெண் குழந்தை. இருக்குமிடம்? இலண்டன் மாநகர். செய்த குற்றம்? ஆயில்ய நட்சத்திரத்தில் பிறந்தது!

குழந்தையின் தந்தைவழிப் பாட்டனார் நம் நண்பர், தியாகராயநகரில் வாழ்பவர், இளமையை இயக்கத்துக்கு ஈந்தவர். சோதிடரைத் தேடிச் சென்றவரோ, அடையாற்றில் வாழும் தாய்வழிப் பாட்டியார். “ட எழுத்தில் பெயர் வேண்டும்” என்கிறார் பாட்டியார். “யாழினி என்று சூட்டுங்கள், தமிழின் சிறப்பு ழகரம் பெயரிலே ஒலிக்கட்டும்” என்கிறார் பாட்டனார். “வெள்ளையர் வாயில் நுழையும் பெயராகச் சொல்லுங்கள், மாமா. பள்ளியில் நாள்தோறும் தன் பெயரைத் தானே திருத்திக்கொண்டு நிற்க வேண்டுமா இந்தக் குழந்தை?” என்று தொலைபேசியில் கேட்கிறாள் மருமகள். இங்கிலாந்துச் சட்டமோ, பிறப்பை 42 நாள்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. நாள்கள் ஓடுகின்றன, பெயர் கிடைத்தபாடில்லை!

நீதிக்கட்சி ஆட்சியில் முதன்மை அமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயர் தாங்கிய பூங்காவில், ஒரு மாலை நேரத்தில், நண்பர் வழக்கை நம்முன் வைத்தார். “நீங்களே சொல்லுங்கள், யார் பக்கம் நியாயம்?” என்றார்.

நாம் நீதிபதி அல்லோம். எனினும் சிந்தித்தோம். ஒரு வீட்டுச் சச்சரவாகத் தோன்றும் இதனுள், பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினா ஒன்று மறைந்து கிடக்கிறது. பெயர் யாருடையது? சூட்டுபவருடையதா? சுமப்பவருடையதா?

முதலில் சோதிடரின் தீர்ப்பைப் பார்ப்போம். நட்சத்திரங்கள் 27, ஒவ்வொன்றுக்கும் பாதங்கள் நான்கு, ஆக 108 எழுத்துகள். பிறந்த பாதத்துக்குரிய எழுத்திலே பெயர் தொடங்க வேண்டும் என்பது பஞ்சாங்கம் வகுத்த முறை. ஆயில்யத்துக்கு வந்து வாய்த்தவை டி, டு, டே, டோ. நம் தொல்காப்பியம் கூறுவது யாது? டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பதே. அஃதாவது, ஆயில்யத்தில் பிறந்த தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் பெயரே இல்லை! வானத்து மீன் ஒன்று வந்து, தாய்மொழியின் கதவைக் குழந்தையின் முகத்திலே சாத்துகிறது! மீன் சாத்தவில்லை, தோழர்களே. மீனின் பெயரால் மனிதன் சாத்துகிறான். மாமியாருக்கு ஆகாதவள் என்று ஆயில்யப் பெண்ணுக்குப் பழி கட்டி, எத்தனை வீடுகளில் மணவினையைத் தடுத்தனரோ, அதே பொய்தான் தொட்டிலுக்கருகே எழுத்து வடிவில் வந்து நிற்கிறது. இதற்கு இணங்க வேண்டியதில்லை. இதில் நமக்கு ஐயமும் இல்லை.

மருமகளின் கேள்வி அவ்வளவு எளிதன்று. அதை “அடிமை மனப்பான்மை” என்று ஒரே சொல்லால் தள்ளிவிட நண்பர் விரும்பினார். நாம் விரும்பவில்லை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருவரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன் என்னும் இனிய தமிழ்ப் பெயர் தாங்கியவர். மற்றவர் மரியான் பெர்ட்ரான். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பினர். கல்வியும் பட்டறிவும் ஒத்த தரத்தில் இருக்க, பெயரை மட்டும் மாற்றினர். வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குக் கறுப்பினத்தார் பெயர் தாங்கியவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது! பெயருக்கு விலை உண்டு; அந்த விலையைக் கொடுப்பவர் சூட்டிய பாட்டனார் அல்லர், சுமக்கும் பேர்த்தி. ஆகவே தாயின் கவலை பொய்யன்று.

ஆனால் விலை உண்டு என்பதனாலேயே விட்டுக்கொடுப்பது முறையாகுமா? குற்றம் பெயரிலா, பெயரைக் கண்டதும் தாளை ஒதுக்கும் கையிலா? சாதி கேட்டு வாடகைக்கு வீடு மறுப்பவன் இருக்கிறான் என்பதற்காக, பொய்ச் சாதி சொல்லி வீடு பிடி என்றா நாம் போதித்தோம்? மறுப்பவனைத் திருத்து என்றன்றோ சொன்னோம்!

பிறர் நாவுக்காகப் பெயரைச் சுருக்கும் வழக்கம் இலண்டனில் தோன்றியதன்று, இங்கேயே உண்டு. திருவல்லிக்கேணி திரிப்ளிக்கேன் ஆயிற்று. எழும்பூர் எக்மோர் ஆயிற்று. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிக் குறைகள் எழவே, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு ஏன்? நண்பர் வாழும் ஊரையே பாருங்கள். வெள்ளுடை வேந்தர் தியாகராயரின் நினைவாக எழுந்த நகரை, அவர் புகழ் பாடும் நாமே ‘டி. நகர்’ என்கிறோம். சோதிடர் தேடிய ‘டி’ அகப்பட்டுவிட்டது, தியாகராயரைத் தறித்துப் பெற்ற டி!

இலண்டனில் நண்பரின் மகனுக்கு அண்டைவீட்டார், உருமேனியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த இளம் இணையர். அவர்களுக்கும் ஒரு குழந்தை. அவர்களுக்கும் இதே வழக்கு! தம் மகனுக்கு ஷ்தெஃபான் என்று பெயரிட விரும்பினர். அம்மொழியில் ஷகர ஒலிக்கு, எஸ் எழுத்தின் கீழே ஒரு சிறு புள்ளிவால் இட வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் அந்த வால் உதிர்ந்துபோகும். பிள்ளை ‘ஸ்டெஃபான்’ ஆவான். பள்ளிக்குப் போனால் ‘ஸ்டீபன்’ ஆவான். நமக்கு ழகரம், அவர்களுக்கு அந்த வால்! அவர்தம் வரலாற்றில் பொருள் பொதிந்த செய்தி ஒன்று உண்டு. திரான்சில்வேனியா அங்கேரியின் ஆட்சியில் இருந்த நாளில், உருமேனியர் தம் பிள்ளைகளுக்குத் திராயன், ஒவீதியு, லீவியு என்னும் பழைய உரோமப் பெயர்களைத் தேடிச் சூட்டினர். பதிவேட்டில் அங்கேரியப் பெயராக மாற்றி எழுத எளிதில் இடங்கொடாத பெயர்கள் அவை! அரசு இல்லாதவர்க்குப் பெயரே அரணாயிற்று. மறைமலையடிகள் 1916இல் வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டபோது எழுந்த உணர்வும் இதற்கு உறவினதே.

“அப்படியானால் யாழினிதானே வெல்கிறாள்?” என்று நண்பர் முகம் மலர்ந்தார். பொறுமை வேண்டும் என்றோம்.

நம் பக்கத்தையும் நாம் ஆய வேண்டும். பெயரைப் பதாகையாக்கும் பழக்கம் நமக்கும் உண்டு. 1953 மார்ச்சுத் திங்கள் முதல் நாளில் கலைஞர் கருணாநிதிக்கு மகன் பிறந்தார். ஐந்தாம் நாள் சோவியத்துத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். அவர் நினைவாகக் குழந்தைக்குப் பெயரிடப்பட்டது. மூன்றே ஆண்டுகள் சென்றன. 1956இல் குருசேவ், சொந்தக் கட்சியின் பேராயத்திலேயே ஸ்டாலினின் கொடுமைகளைச் சாடினார். தந்தையின் மதிப்பீட்டைப் பெயராகச் சுமந்தவரோ மூன்று வயதுக் குழந்தை! அவர் வளர்ந்தார், பெயரை மாற்றவில்லை, 2021இல் முதலமைச்சரானார். தமிழ்நாட்டில் அப்பெயரைக் கேட்பவர் எவர் கிரெம்ளினை நினைக்கின்றனர்? சூட்டியவர் வைத்த பொருள் ஒன்று. சுமந்தவர் வாழ்ந்து ஏற்றிய பொருள் வேறொன்று. பெயரின் பொருளை அகராதி பாதிதான் எழுதுகிறது. மீதியை வாழ்க்கை எழுதுகிறது.

இப்போது நண்பரிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். “உம்முடைய பெயரை உமக்குச் சூட்டியவர் யார்?”

அவர் பேசவில்லை. விடை நமக்குத் தெரியும். அவர் தந்தை சூட்டியது ஒரு கடவுளின் பெயர். நாராயணசாமி நெடுஞ்செழியனானதையும் இராமையா அன்பழகனானதையும் கண்டு உள்ளம் கிளர்ந்து, 1967இல், மாணவராயிருந்தபோது, அதை நீக்கித் தமிழ்ப் பெயர் பூண்டார். தந்தை அழுதார், பாட்டனார் பெயரையன்றோ வெட்டி எறிந்தாய் என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று நண்பர் சொன்ன மறுமொழி நம் செவியில் இன்றும் ஒலிக்கிறது. “என் பெயர் என்னுடையது!”

“ஐயா, உம் பெயர் உம்முடையது என்றால், உம் பேர்த்தியின் பெயர் மட்டும் எப்படி உம்முடையதாகும்?” என்றோம்.

பூங்காவின் விளக்குகள் எரியத் தொடங்கின. நண்பர் நெடுநேரம் தலைகுனிந்து இருந்தார்.

நாம் கண்ட விடை இதுதான். குழந்தைக்குப் பெயரிடாமல் இருக்க இயலாது. அதனைக் கேட்டுப் பெயரிடவும் இயலாது. கேளாமல் கொடுக்கும் பொருள் கொடையாக இருக்கலாமேயன்றி, கடனாக இருத்தலாகாது. “காப்பாற்றித் தீர வேண்டும்” என்று சுமத்தினால் அது கடன். “உனக்காகத் தேடினோம், வேண்டுமானால் வைத்துக்கொள்” என்று நீட்டினால் அது கொடை. கொடையிலும் தகுதியறிந்து கொடுக்க வேண்டும். அச்சத்தில் பிறந்த பெயர் வேண்டா. சாதியின் வால் வேண்டா. இழிவைச் சுமக்கும் பெயர் வேண்டா. குப்பன் என்றும் மண்ணாங்கட்டி என்றும் மனிதரை அழைத்த நாட்டில், பெருமிதத்தோடு பொருள் சொல்லத்தக்க பெயர் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை. அப்பொருளைத் தாய்மொழியில் கற்றுக்கொடுப்பது பெற்றோர் கடமை. தாய்மொழியைத் தராமல் தமிழ்ப் பெயரை மட்டும் தருவது, நூலைக் கொடுக்காமல் அட்டையைக் கொடுப்பது போன்றது!

அதன்பின்? வளர்ந்தவள் தேரட்டும். 16 வயது நிரம்பினால் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ள இங்கிலாந்துச் சட்டம் இடந்தருகிறது. சட்டம் தரும் உரிமையைப் பாட்டனாரின் பாசம் பறிக்கலாமா?

குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் என்றொரு புலவர். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் எதுவென எவரும் அறியார். அவர் பாட்டிலேயே பிறந்த உவமை அவர் பெயராகி, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு நிலைத்துவிட்டது. தந்தது மறைந்தது, ஈட்டியது நின்றது.

மறுநாள் நண்பர் இலண்டனுக்கு மடல் எழுதினார். “யாழினி என் விருப்பம், கட்டளையன்று. நீங்கள் சூட்டும் பெயர் எதுவாயினும், அதன் பொருளைத் தமிழில் அவளுக்குச் சொல்லுங்கள். நாளை அவள் அதை மாற்ற விரும்பினால், 1967இல் நான் மாற்றியதையும் சொல்லுங்கள். இம்மடலை அவளுக்காக எடுத்து வையுங்கள்.”

38ஆம் நாள் செய்தி வந்தது. தாய் தேர்ந்த பெயர் கயல். ழகரம் இல்லை, டகரமும் இல்லை. நண்பர் முகம் ஒரு நொடி வாடியதை நாம் கண்டோம். பிறகு அவரே அப்பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தார், இருமுறை.

நன்றாகத்தான் ஒலித்தது.