பழைய வர்ணமும் புதிய பொறுப்பும்

ஒருவர் செய்து வைத்த காரியத்தின் விளைவை மற்றொருவர் சுமக்க வேண்டுமா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இது. பழைய மரத்தளம் ஒன்றிலுள்ள வர்ணத்தை அகற்றப் புகும் மனிதன் முன்னே, அவ்வினா உருவெடுத்து வந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பழைய வீடுகள் தனித்தன்மை வாய்ந்தவை. வெப்பம் மிகுந்த பகுதியாகையால், உயர்ந்த மரக்கால்களின் மீது வீட்டை நிறுத்தி, பலகை பாவிய அகன்ற வராந்தாக்களை அமைத்தனர். வெயிலும் மழையும் மரத்தைக் கெடுத்துவிடாதிருக்க வர்ணம் பூசினர். அவ்வர்ணத்தில் காரீயம் கலந்திருந்தது. நீடித்து உழைக்கும் என்று நம்பியே அதனைப் பூசினர். வஞ்சகம் ஏதும் அவர்கள் நெஞ்சில் இல்லை.

ஆயினும், கடும் வெயிலில் வர்ணம் பொடிந்தது. வராந்தாவின் கைப்பிடிகளைப் பற்றி விளையாடிய குழந்தைகளின் விரல்களில் அப்பொடி ஒட்டி, வாய்க்குள் சென்றது. கைகால் வலுவிழந்தும், பார்வை குன்றியும் குழந்தைகள் மருத்துவரிடம் வந்தனர். குயின்ஸ்லாந்துக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்தக் காரீய நஞ்சினைப் பற்றி 1892-லேயே மருத்துவர்கள் எழுதினர். நஞ்சு வீட்டு வர்ணத்திலிருந்தே வருகிறது என்பதை 1904-ல் பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் எடுத்துரைத்தார். குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் அவ்வர்ணத்தைத் தடுக்கும் சட்டம் 1922-ல்தான் வந்தது. இடையில் 18 ஆண்டுகள் ஓடிவிட்டன!

சட்டம் வந்தாலும், பூசிய வர்ணம் போய்விடுமா? ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட அடுக்குகளுக்கு அடியில் அது இன்றும் பல வீடுகளில் உறங்கிக் கிடக்கிறது. அதனை எழுப்புவது நம் கை. உலர்ந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்தால் நஞ்சு தூசியாகிறது. தீயினால் சுட்டு உரித்தால் ஆவியாகிறது. பலகைகளின் இடுக்கு வழியே உதிர்ந்து, வீட்டின் அடியிலே படிகிறது. குழந்தைகள் விளையாடுவதும், துணி உலர்த்துவதும் அங்கேதான். எஞ்சியதைக் காற்று அண்டை வீட்டுத் தோட்டத்திற்குக் கொண்டு செல்கிறது. காரீயம் மண்ணில் மக்கி மறைவதில்லை.

ஆகவே, அறிந்தவர்கள் முதலில் வர்ணத்தைச் சோதிக்கின்றனர். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்புறப்படுத்துகின்றனர். தளத்தின் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, வர்ணத்தை நனைத்து, மரத்தின் இழையோடு மெல்லச் சுரண்டுகின்றனர். உரிந்ததை எரிக்காமல் கட்டி அப்புறப்படுத்துகின்றனர். பணி முடிந்தபின் உடையையும் தனியே துவைக்கின்றனர். இதனால் நாளும் கூடும், செலவும் கூடும்.

"நான் பூசிய வர்ணம் அல்லவே! இத்துணைத் தொல்லை எனக்கெதற்கு?" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் செய்தவனைச் சாரும். பொறுப்போ, அறிந்தவனைச் சாரும். பூசியவர் அறியாமல் பூசினார். சுரண்டுபவரோ அறிந்து சுரண்டுகிறார். முன்னவருக்கு இருந்த மன்னிப்பு பின்னவருக்கு இல்லை. மேலும், தளம் அவருடைய உடைமை. தூசி பறந்து செல்லும் காற்றும், அதைச் சுவாசிக்கும் பிள்ளையும் அவருடைய உடைமையல்ல.

அப்படியாயின், தொடாமலே விட்டுவிடலாமா? வர்ணம் உறுதியாக ஒட்டியிருக்குமாயின், அதன்மேல் நல்ல வர்ணத்தைப் பூசி மூடிவிடுவதும் முறையே. ஆனால் மூடுவது வேறு; மறைப்பது வேறு. அடியில் இருப்பது இன்னது என்று, நாளை அவ்வீட்டை வாங்க வருபவரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விற்பவர், அறியாமல் பூசியவரைக் காட்டிலும் பெரும் பிழை செய்தவராகிறார்.

நமக்கு முன்னே வாழ்ந்தோர் விட்டுச்சென்றவற்றுள் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, தீமையைப் பிறர் வாசலில் கொட்டுவது வாரிசுக்கு அழகாகாது. மரம் தூய்மை பெற்றால் மட்டும் போதாது. அதைத் தூய்மை செய்ததால் எவர் வீட்டுப் பிள்ளைக்கும் தீங்கு வராதிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பணி நிறைவுறுகிறது.