காளான் உணர்த்தும் கொல்லாமை



மழைக்காலம் வந்ததும் நம் முனிவர்கள் ஊர்ப்பயணத்தை நிறுத்தி, நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவர். சாதுர்மாஸ்யம் என்னும் இந்நோன்பின் காரணம் நாம் அறிந்ததே. ஈரம் பட்ட மண்ணில் எண்ணற்ற சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை மிதித்து நடத்தல் ஆகாது. அவ்வாறு பெருகுவனவற்றுள் ஒன்றாகிய பூஞ்சையைப் பற்றி இங்குச் சிந்திப்போம். காளான் உண்ணலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஏன் என்று அவர்கள் வினவினால் விடை கூற வேண்டாமா? காரணம் அறியாத விலக்கு வெறும் பழக்கமாகும். காரணம் அறிந்த விலக்கே விரதமாகும்.

பூஞ்சை என்பது யாது? ரொட்டியின்மேல் படரும் பூசணம், மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட், குப்பைமேட்டில் குடை விரிக்கும் காளான் யாவும் பூஞ்சைகளே. இவற்றிற்குப் பச்சையம் இல்லை. ஆதலின் செடிகொடிகளைப் போலக் கதிரொளியால் உணவு ஆக்க இயலாது. நொதிகளைச் சுரந்து, உணவை உடலுக்கு வெளியிலேயே கரைத்து, பின்னர் உறிஞ்சிக் கொள்கின்றன. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பகுத்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகம் அளித்தார். நம் ஆகமங்களோ புலன்களைக் கொண்டு உயிர்களை வகுப்பவை. அவ்வகையில் பூஞ்சை ஓரறிவுயிர். இரு பகுப்பும் வெவ்வேறு நோக்கின. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மெய்ப்பிக்க முயலவேண்டுவதில்லை.

நாம் காணும் குடை அவ்வுயிரின் சிறு பகுதியே. மண்ணுக்குள்ளும் மரக்கட்டைக்குள்ளும் வலைபோல் படர்ந்த மெல்லிய இழைகளே அதன் உடல். காலம் கனிந்தபோது வித்துத்துகள்களைப் பரப்ப அது எழுப்பும் உறுப்பே காளான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காடொன்றில் ஆர்மில்லேரியா என்னும் பூஞ்சை ஏறத்தாழ 965 ஹெக்டேர் பரப்பில் ஒரே உயிராகப் படர்ந்திருப்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

இவ்வுயிர் ஆற்றும் பணி பெரிது. மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் எளிதில் சிதையாத பொருள். அதைச் சிதைக்க வல்லவற்றுள் தலையானவை பூஞ்சைகளே. அவை இன்றேல் விழுந்த மரங்கள் நெடுங்காலம் மட்காது குவிந்து கிடக்கும். அவற்றின் சத்து மண்ணுக்குத் திரும்பாது. வேறு சில பூஞ்சைகள் உயிருள்ள வேர்களோடு உறவு கொள்கின்றன. செர்மானியத் தாவரவியலார் ஃபிராங்க் 1885இல் இவ்வுறவுக்கு மைக்கோரைசா, அதாவது வேர்ப்பூஞ்சை, எனப் பெயரிட்டார். வேர் எட்டாத இடத்திலிருந்து பூஞ்சை இழைகள் நீரையும் பாஸ்பரஸ் சத்தையும் கொணர்கின்றன. செடி தான் ஆக்கிய சர்க்கரையைக் கைம்மாறாக அளிக்கிறது. நிலத்தாவரங்களுள் பெரும்பாலானவை இவ்வாறே வாழ்கின்றன. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதைத் தத்துவார்த்த சூத்திரத்தில் பயின்ற நாம், அதனை நினைவுகூர வயல்வரப்பில் நின்றாலே போதும்.

இனி நம்மை நாமே வினவுவோம். உணவில் காளானை விலக்குகிறோம். கொல்லையில் உதிர்ந்த சருகைக் கூட்டித் தீ வைக்கிறோம். ஈரச் சருகின் அடியில் படர்ந்த இழைகளும், அவற்றைச் சார்ந்து வாழும் புழு பூச்சிகளும் அத்தீயில் மாய்கின்றன. உண்கலத்தில் காத்த விரதத்தை கொல்லையில் இழத்தல் முறையாகுமா?

பூஞ்சைகள் யாவும் நமக்கு நன்மை பயப்பன அல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றிற்கு இட்ட மணிலாப் பிண்ணாக்கில் பூஞ்சை விளைத்த நஞ்சே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அஃப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அடுப்பின் வெப்பத்தால் முற்றும் அழியாதது. மணிலா பயிரிடும் குடும்பங்கள் நம்மிடையே பல. காய்களை நன்கு உலர்த்தி, ஈரம் அணுகாது சேமித்தால் பூஞ்சை பெருகாது. ஊறுகாய்க்கும் மாவுக்கும் இதுவே நெறி. உயிர்களைப் பெருகவிட்டுப் பின் அழிப்பதினும், பெருக இடந்தராது காத்தலே மேலான அகிம்சை. பூசணம் பூத்த பண்டத்தைச் சுரண்டி உண்பது விரதத்திற்கும் ஊறு, உடலுக்கும் ஊறு.

உழவில் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றிலும் தவிர்த்தல் இயலாது. இதனை அறநூல்களும் உணர்ந்தே அணுவிரதம் வகுத்தன. எனினும், தவிர்க்கக் கூடியதைத் தவிர்க்காமைக்கு அது சாக்காகாது. ஆதலின் இம்மழைக்காலத்தில் மூன்று நியமங்களை மேற்கொள்வோம். சருகை எரிக்காது மரத்தடியிலேயே மட்கவிடுவோம். தானியத்தையும் பண்டங்களையும் உலர்வாகக் காப்போம். தேவையின்றிப் பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றாதிருப்போம். இவற்றைப் பிள்ளைகளின் கையாலேயே செய்வித்து, காரணத்தையும் கூறுவோம்.

காலடியில் ஓசையின்றி உழைக்கும் ஓரறிவுயிரிடத்தும் நம் அருள் சென்று சேர்க. அறம் வளர்க!