பத்து நாள் கூடாரத்துக்குள் இருக்காதே

கிளிநொச்சியில் ஏ-9 வீதியை விட்டு உள்ளே போகும் ஓர் ஒழுங்கை. அதில் தகரக் கூரை போட்ட ரியூசன் கொட்டில். பாடம் முடிந்து எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் கடைசி வாங்கில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். கணக்குச் செய்கிறான் என்று நினைத்துக் கிட்டப் போனேன். கணக்கு இல்லை. கொப்பியின் பின்பக்கம் முழுக்க ஒரு நாடு! அவனே கீறிய வரைபடம், அவனே வைத்த ஊர்ப்பெயர்கள், மலைக்குள் தூங்கும் நெருப்புப் பல்லி, மழையை விலைக்கு விற்கும் ஒரு ராசாத்தி. அடுத்த பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடடித்த அட்டவணை. ஆள், ஆயுதம், வலு. வலுவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பென்சிலால் இலக்கம்.

“ஆர் முதலாவது?”

“மழை ராசாத்தி, சேர். தொண்ணூற்றெட்டு.”

“ஏன் ஒருத்தருக்கும் நூறு இல்லை?”

“நூறு போட்டால் கதை முடிஞ்சிடும், சேர்.”

கதை எழுதுகிற பெரிய ஆட்கள் பலருக்குத் தெரியாத சூத்திரம் அது. கடைசி வரியில் ஓர் ஓடக்காரன் இருந்தான். அவனுக்கு மூன்று. “அவன் சும்மா ஆள், சேர். ஆக்களை ஏத்தி இறக்கிறவன்.” பகிடியாகக் கேட்டேன்: “இதில உனக்கு எத்தினை போடுவாய்?” சிரித்தான். பென்சில் முனையை ஓடக்காரனுக்குக் கீழே, வெறும் தாளில் வைத்துத் தட்டினான்.

தம்பி, அந்தத் தட்டில்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஆட்களின் வலுவை வரிசைப்படுத்துவது உன் தலைமுறை கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. பாரதப் போர் தொடங்குமுன் துரியோதனன் கேட்க, பீஷ்மர் இரு பக்கத்து வீரர்களையும் தரம் பிரித்துச் சொன்னார். இவன் ரதன், இவன் மகாரதன், இவன் அதிரதன். வீமன் ஒருவனே எட்டுத் தேராளிகளுக்குச் சமம் என்றார். கர்ணனிடம் வந்தபோது சபை நடுவே சொன்னார்: இவன் ரதனும் இல்லை, அதிரதனும் இல்லை, அர்த்தரதன். அரைத் தேர்க்காரன்! கவசகுண்டலத்தை இழந்தவன், பரசுராமரின் சாபம் பெற்றவன், ஆகவே அரை. துரோணரும் ஆமென்றார்.

கர்ணன் என்ன செய்தான்? கொதித்தான். பீஷ்மர் களத்தில் நிற்கும்வரை நான் ஆயுதம் தொடமாட்டேன் என்று சபதம் செய்தான். பீஷ்மர் விழுந்தது பத்தாம் நாள். போர் நடந்ததோ பதினெட்டே நாள். உலகத்தின் மிகப் பெரிய வில்லாளிகளில் ஒருவன் பாதிக்கு மேற்பட்ட போரைக் கூடாரத்துக்குள் இருந்தபடி கழித்தான். அவனை அந்தப் பத்து நாளும் எந்த எதிரியும் தடுக்கவில்லை. ஒரு சொல் தடுத்தது. அரை என்று சொன்னவர் கிழவர். அதைச் சுமந்துகொண்டு உள்ளே போய் உட்கார்ந்தவன் கர்ணன்.

இன்னும் கேள். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கும்போது கர்ணன் தனியாகப் போய் வணங்குகிறான். அப்போது கிழவர் உண்மையைச் சொல்கிறார். உன் வேகத்தைத் தணிக்கத்தான் கடுமையாகப் பேசினேன், வில்வித்தையில் நீ அருச்சுனனுக்கும் கண்ணனுக்கும் சமமானவன் என்கிறார். வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெளியில் போய் நின்றேன். போட்டவருக்கே தெரியும், அந்த அரை பொய் என்று! உனக்குக் குறைந்த இலக்கம் போடுகிறவர்கள் எல்லாரும் அளந்துவிட்டுப் போடுவதில்லை. சிலர் உன் சூட்டைத் தணிக்கவே போடுகிறார்கள்.

நீ பார்க்கிற யப்பான் கதையையே எடு. தொரியாமாவின் டிராகன் போலில் எதிரியின் வலுவை இலக்கத்தில் காட்டும் கண்ணாடி ஒன்று வரும். ஃப்ரீசா தன் முதல் உருவத்தில் 530,000 என்று பெருமையடிப்பான். கடைநிலைச் சாதாரணன் என்று ஒதுக்கப்பட்ட கோகு போன்றவர்களின் முன்னால் அந்தக் கண்ணாடிகள் என்ன பாடுபட்டன? வலுவை ஒளிக்கத் தெரிந்தவனிடம் பிழையான இலக்கம் காட்டின. வலுவைக் கூட்டத் தெரிந்தவனிடம் வெடித்துச் சிதறின. போகப் போக எழுதியவரே இலக்கத்தைக் கைவிட்டார்.

உன் கொப்பியை விட்டு வெளியே வா. இங்கேயும் ஓர் அட்டவணை இருக்கிறது. பெயர் இசட் புள்ளி, உயர்தரச் சோதனைக்குப் போடுவது. மாவட்ட நிலை, தீவு நிலை, வெட்டுப்புள்ளி என்று ஊரே அதைப் பற்றித்தான் பேசும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் தீவு முழுவதற்குமான தகுதிக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு கணக்குண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. பின்தங்கியது மாவட்டமடா, நீ இல்லை! பள்ளிக்கூடக் கூரை பறந்ததும், ஆசிரியர் இல்லாமல் போனதும், பிள்ளை பங்கருக்குள் இருந்து படித்ததும் சேர்ந்த சொல் அது. இசட் புள்ளி என்ன சொல்கிறது? அந்த வருடம், அந்தப் பாடத்தில், மற்றவர்களின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரத்தில் நின்றாய் என்கிறது. அவ்வளவுதான். இரணைமடுவின் நீர்மட்டத்தையும் அடிக்கணக்கில் சொல்கிறார்கள். மாரியில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு. அதற்காகக் குளம் வெட்கப்பட்டு வயலுக்குத் தண்ணீர் விடாமல் இருக்கிறதா?

வெட்டுப்புள்ளி பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு படலை. திறக்க வேண்டுமானால் படிக்கத்தான் வேண்டும், கணக்குக் கொப்பியின் முன்பக்கத்தையும் நிரப்பத்தான் வேண்டும், அதில் உனக்குச் சலுகை தரமாட்டேன். ஆனால் படலை திறக்கவில்லையென்று வளவுக்குள்ளேயே படுத்துவிடாதே. ஒருமுறை சோதனை பிழைத்து, இரண்டு வருடமாக ஃபோனும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதுதான் கர்ணனின் கூடாரம்.

வன்னியில் பிறந்துவிட்டு அட்டவணைக்குப் பயப்படலாமா? யானை பிடிப்பது பணிக்கர்களின் தொழில். அந்த ஆண்கள் அடக்க முடியாத யானையை வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை பிடித்துக் கட்டினாள் என்பது எங்கள் மண்ணின் கதை. பொறாமை அவளைக் கொன்றது. ஒப்பாரி அவளை வைத்திருக்கிறது. அவளுடைய ஊர் அட்டவணையில் பெண்ணுக்கு எத்தனை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய்?

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் ஒரு கல் நட்டான். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் இங்கே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அதில் பொறித்தான். வென்றவன் எழுதிய பெறுபேற்றுத் தாள். அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னி மன்னன் பண்டாரவன்னியன் அவர்களிடமிருந்து பறித்திருந்தான். அது அந்தக் கல்லில் இல்லை. இன்று வவுனியாவில் சிலையாக நிற்பது யார்? டிறிபேர்க்கா?

இவ்வளவு பழசு ஏன்? 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலிலிருந்து பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் முடிந்துகொண்டு வெளியே வந்த தாய்மார் இந்த ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். வீடு போன பின்னும், பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போகும் என்று நம்பியவர்கள் அவர்கள். உன் அட்டவணையில் அவர்களுக்கு என்ன ஆயுதம் எழுதுவாய்? எத்தனை போடுவாய்? அந்தப் பொலித்தீனிலிருந்து வந்தவன் நீ, உனக்கு ஓடக்காரனுக்குக் கீழேயா இடம்?

ஓடக்காரன் என்றதும் ஞாபகம் வருகிறது. இராமனைக் கங்கை கடத்தியவன் குகன். அயோத்தியில் வில் பிடித்தவர் எத்தனையோ பேர் இருந்தார்கள். அன்று தேவைப்பட்டது ஓடமும் அதைத் தள்ளத் தெரிந்த கையும்.

நாளைக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு வா. அழிறப்பரும் கொண்டு வா, பென்சிலால்தானே எழுதியிருக்கிறாய். அந்த மூன்றை என் கண்முன்னால் அழி. பிறகு மழை ராசாத்தி ஆற்றைக் கடக்க வரும் அத்தியாயத்தை எழுது. தொண்ணூற்றெட்டு இருந்தும் அவளுக்கு நீந்தத் தெரியாது. ஓடம் அவனிடம்தான் இருக்கிறது.