அறிவுச் சபையின் அதபு

புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! நம் வத்திராயிருப்பு பிள்ளைகள் இன்று கிருஷ்ணன்கோவிலிலும் மதுரையிலும் சென்னையிலும் படிக்கிறார்கள். கருத்தரங்கம், ஆய்வு மாநாடு என்று போகிறார்கள், கட்டுரை வாசிக்கிறார்கள். பள்ளிவாசலில் எப்படி உட்கார வேண்டும் என்று மக்தபிலேயே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். விஞ்ஞானிகள் கூடும் சபையில் எப்படி இருக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

இது மிம்பரில் பேச வேண்டிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். பேச வேண்டிய விஷயம்தான். அந்தச் சபையிலும் ஒரு மனிதனின் மானமும், ஓர் உண்மையும் நம் கையில் அமானிதமாக ஒப்படைக்கப்படுகின்றன.

லண்டனில் ஒரு வெள்ளிக்கிழமை

1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், வயது 24, தன் ஆய்வை வாசித்தார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்கள் எல்லாம் வெண்குறுமீன்களாக அடங்கிவிடுவதில்லை. அதற்கு ஓர் எடை வரம்பு உண்டு என்பது அவர் முடிவு. அந்த வரம்பு சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு.

அவருக்குப் பிறகு ஆர்தர் எடிங்டன் எழுந்தார். அன்றைய வானியலில் மிகப் பெரிய பெயர். கேம்பிரிட்ஜில் சந்திரசேகரைப் பலமுறை சந்தித்து, அவருடைய ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று அறிந்து வைத்திருந்தவர். ஆனால் தன் மறுப்பை அவரிடம் தனியே சொல்லவில்லை. சபையில் வைத்து, கேலி கலந்து, அந்த முடிவே அபத்தம் என்றார். சபை சிரித்தது. பதில் சொல்ல அந்த இளைஞருக்கு வாய்ப்பு தரப்படவில்லை.

அதே ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேச வானியல் மாநாட்டிலும் எடிங்டன் பேசினார். அங்கேயும் சந்திரசேகருக்குப் பதில் சொல்ல இடம் இல்லை. பெரிய இயற்பியல் அறிஞர்கள் சிலர் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். வெளியே சொல்ல முன்வரவில்லை.

சிரித்தவர்களின் பங்கு

எடிங்டன் மாற்றுக் கருத்து சொன்னது தவறில்லை. அறிவு வளர்வதே மறுப்பால்தான். நம் நான்கு இமாம்களும் எத்தனை மஸ்அலாக்களில் கருத்து வேறுபட்டார்கள்! தவறு, மறுப்போடு கேலி சேர்ந்தபோது வந்தது. கேலிக்குப் பலம் கொடுத்தது யார்? உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் அது வெறும் வாதமாக நின்றிருக்கும். ஒருவராவது எழுந்து, "அவரும் பதில் சொல்லட்டும்" என்று கேட்டிருந்தால் நியாயம் நடந்திருக்கும்.

ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் கேலி செய்ய வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். காரணத்தையும் சேர்த்தே சொல்கிறான்: கேலி செய்யப்படுபவர்கள் செய்பவர்களை விட மேலானவர்களாக இருக்கக்கூடும். லண்டன் சபையில் இது கண்கூடாக நடந்தது. அன்று சிரிப்புக்கு ஆளான அந்த ஆய்வையும் சேர்த்துத்தான் 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இடையில் 48 ஆண்டுகள்.

பெருமானாரின் மஜ்லிஸ்

நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கிராமவாசி குறுக்கே வந்து, மறுமை நாள் எப்போது என்று கேட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேச்சை நிறுத்தவில்லை. அவரைக் கடிந்து கொள்ளவும் இல்லை. பேசி முடித்த பிறகு, கேள்வி கேட்டவர் எங்கே என்று தேடி அழைத்துப் பதில் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. பேச்சாளர் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்; கேட்டவரைக் கைவிடவும் கூடாது. இரண்டு பாடமும் இதில் இருக்கிறது.

மரியாதை என்றால் மௌனமா?

"பெரியவர்கள் இருக்கும் சபையில் வாய் திறக்காதே" என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறோம். இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கேட்டார்கள். பேரீச்சை மரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. சபையில் வயதில் சிறியவர் என்பதால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். பிறகு தந்தையிடம் சொன்னபோது உமர் (ரலி) அவர்கள், "நல்ல பிள்ளை, அடக்கமாக இருந்தாய்" என்று மெச்சவில்லை. நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்றே கூறினார்கள். பெரியவர்களின் அதபு இதுதான்: சிறியவர் பேச இடம் கொடுப்பது. சபையில் இடம் விட்டுக்கொடுங்கள் என்ற அல்முஜாதலா 11-ஆம் வசனத்தின் கட்டளை நாற்காலியோடு முடிந்துவிடுமா?

நம் பிள்ளைகளுக்கு

மாநாட்டுக்குப் போகும் பிள்ளைகளே! நேரத்துக்குப் போய் உட்காருங்கள். ஒருவர் பேசும்போது செல்போனைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசாதீர்கள். உங்களுக்கு ஒதுக்கிய நிமிடத்தைத் தாண்டிப் பேசுவது அடுத்தவரின் ஹக்கை எடுப்பது. கேள்வி கேட்டால் கட்டுரையைக் கேளுங்கள்; ஆளின் ஊரையோ, சாதியையோ, ஆங்கில உச்சரிப்பையோ சீண்டாதீர்கள். ஆய்வு வாசிக்கும் பெண்ணை ஆய்வாளராக மட்டுமே பாருங்கள். அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அப்படிச் சொல்லத் தயங்கியதே இல்லை. சபை ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள். முடிந்தால், அவருக்கும் பேச வாய்ப்பு கொடுங்கள் என்று எழுந்து கேளுங்கள்.

அவமானப்பட்டவரின் நடத்தையையும் பாருங்கள். சந்திரசேகர் அமெரிக்காவுக்குப் போய் 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். எடிங்டனோடு மரியாதையை முறித்துக்கொள்ளவில்லை. 1944-இல் எடிங்டன் இறந்தபோது அவரைப் பெருமைப்படுத்தி அஞ்சலி உரை நிகழ்த்தியவரும் அவர்தான். கருத்தில் ஓர் அங்குலம் கூட இறங்கவில்லை. ஆளை இகழவும் இல்லை. நம் ஜமாஅத் கூட்டத்திலும், குடும்பப் பேச்சிலும் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர்கள் எத்தனை பேர்?

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அந்தக் கல்விக்கு அழகான அதபையும் தருவாயாக! எங்கள் சிரிப்பாலும் மௌனத்தாலும் யாருடைய உரிமையும் பறிபோகாமல் எங்களைக் காப்பாயாக! உண்மை யார் வாயிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் உள்ளத்தைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.