உடைமையின் உரிமையும் ஊராரின் மூச்சும்

ஒருவன் தன் பணத்தைக் கொடுத்து வாங்கிய சாமானைத் தன் விருப்பப்படி செய்துகொள்ள உரிமை உடையவனா? உடையவனே என்று நம்மில் பெரும்பாலோர் உடனே விடையளிப்போம். வியாபாரிகளாகிய நமக்கு உடைமையின் அருமை தெரியும். கடை நமது, சரக்கு நமது, லாப நஷ்டமும் நமது. இதில் அயலான் தலையிடுவதை நாம் விரும்புவதில்லை. ஆயினும் இவ்விடையை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாதபடி ஒரு விஷயம் நம் முன் வந்து நிற்கிறது.

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போரில் சிலர், அதன் அடியில் புகைக்குழாயோடு இணைந்துள்ள ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்’ என்னும் பெட்டியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் வெறுங்குழாயைப் பொருத்திக்கொள்கிறார்கள். “வண்டியும் என்னுடையது, பெட்டியும் என்னுடையது, கழற்றினால் யாருக்கு என்ன?” என்று கேட்கிறார்கள். இக்கேள்வி நியாயமானதுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அப்பெட்டி செய்யும் வேலையை அறிந்துகொள்வது நலம். பெட்ரோல் எஞ்சினிலிருந்து வரும் புகையில் மூன்று தீங்குகள் உண்டு. அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு ஒன்று. எரியாமலே தப்பிவரும் ஹைட்ரோகார்பன் இரண்டு. கடுஞ்சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடிப் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடு மூன்று. முதலாவதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; நம் இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வது அதன் குணம். இரண்டாவதில் புற்றுநோயை விளைக்கும் பென்சீன் அடங்கியிருக்கிறது. மூன்றாவது சுவாசக்குழலை எரிப்பது.

பெட்டிக்குள் தேன்கூடு போன்ற நுண்ணிய கண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். இவை தாம் எரிந்து தீராமல், தம்மைத் தொட்டுச் செல்லும் புகையைக் கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் தீங்கற்ற நைட்ரஜனாகவும் மாற்றிவிடுகின்றன. பெட்டி நன்றாகச் சூடேறிய பின் அம்மூன்று நச்சுகளிலும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அழிந்துவிடும். சூடேறும் வரை உள்ள முதற் சில நிமிஷங்களில் அது சரிவர வேலை செய்யாது என்பதும், கரியமிலவாயுவை அது குறைப்பதில்லை என்பதும் உண்மையே. குறையற்ற சாதனம் என்று நாம் அதைப் புகழவில்லை. ஆனால் அதன் நன்மை வெளிப்படையானது.

இப்பெட்டி உலகுக்கு எளிதாக வந்துவிடவில்லை. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜீன் ஹூத்ரி என்னும் எஞ்சினியர் 1950களிலேயே இதற்கான முயற்சியைச் செய்தார். ஆனால் அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அவ்வுலோகங்களைக் கெடுத்துவிட்டது. 1970இல் அமெரிக்கா கடுமையான காற்றுச் சட்டம் இயற்றிய பிறகே, 1975ஆம் வருஷ மாடல் கார்களில் இது பரவலாக இடம்பெற்றது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. மலேசியாவும் 1996இல் பெட்ரோல் எஞ்சின்களின் புகையைக் கட்டுப்படுத்த விதிகள் வகுத்தது. ஈயத்தின் தீமையும் இப்பெட்டியின் தேவையும் சேர்ந்து உலகத்துப் பெட்ரோலையே மாற்றின. ஈயப் பெட்ரோலைக் கார்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்தியது.

இத்தகைய பெட்டியைக் கழற்றுவதால் கழற்றியவருக்குக் கிடைப்பது என்ன? புகை சற்றுத் தடையின்றி வெளியேறுவதால் எஞ்சினின் சக்தி சிறிது கூடும். டர்போ பொருத்திய வண்டிகளில் இது கொஞ்சம் அதிகமாயிருக்கலாம். மற்றவற்றில் நூற்றுக்குச் சில பங்கே. அதைவிடப் பெரிய லாபமாக அவர்கள் கருதுவது முழக்கத்தைத்தான். செலவுப் பக்கத்தையும் எழுதிப் பார்ப்போம். பெட்ரோல் நாற்றம் வீசும். குழாயின் ஒட்டு சரியாக அமையாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே நுழையக்கூடும். பெட்டிக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், சுத்தம் செய்யும் வேலை நடக்கவில்லை என்று கண்டு, ஓட்டுநர் முன்னே எஞ்சின் விளக்கை எரியச் செய்யும். உடனே அந்தச் சாட்சியின் வாயை அடைப்பதற்காக எஞ்சின் கணினியைத் திருத்துகிறார்கள். ஒரு காரியம் குற்றமற்றதானால் அதன் சாட்சியை மௌனமாக்க ஏன் பணம் செலவிட வேண்டும் என்பதை அன்பர்கள் சிந்திக்கவேண்டும்.

இனி, நம் தானா ராத்தாவுக்கு வருவோம். இவ்வூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்குச் சுமார் 15 பங்கு குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவு குறைவு. அதிலும் ஒரு பங்கைக் கார்பன் மோனாக்சைடு பறித்துக்கொண்டால் முதியோருக்கும் இருதய நோயாளிகளுக்கும் எப்படியிருக்கும்? தாப்பாவிலிருந்து வரும் சாலையோ வளைவு மேல் வளைவாக ஏறுவது. விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங் வரையில் வாகனங்கள் நத்தைபோல் ஊர்வதை யாவரும் அறிவர். நின்று நின்று நகரும் வண்டிகளின் புகையைச் சாலையோரத்தில் இருப்பவர்களே சுவாசிக்கிறார்கள்: கடைவாசலில் நிற்கும் நம் சிப்பந்தி, காய்கறிக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் பெண், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை, தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து வரும் தொழிலாளி. இது மட்டுமன்று, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் கலந்து ஓசோனை உண்டாக்கும். தரையருகே உள்ள ஓசோன் மனிதரின் நுரையீரலைப் போலவே பயிர்களின் இலைகளையும் கெடுக்கும். இலையை விற்றுப் பிழைக்கும் மலை இது என்பதை மறக்கலாகாது.

“என் ஒருவன் வண்டியால் ஊர் கெட்டுவிடுமா?” என்பார்கள். கெட்டுவிடாதுதான். அந்தப் புகையால் இன்னார் நோயுற்றார் என்று யாரும் விரல் நீட்டிக் காட்டவும் முடியாது. ஆனால் இந்த வாதத்தை வியாபாரிகளாகிய நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். ஒருவன் நிறுவையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்து கிராம் குறைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிராம் அரிசியால் எந்த வாடிக்கையாளர் வீட்டிலும் அடுப்பு அணைந்துவிடாது. குறைந்ததை யாரும் உணர்வதுகூட இல்லை. அதற்காக அவனை நேர்மையானவன் என்போமா? மாட்டோம். ஏனெனில் தனக்கு உரியதல்லாததைப் பலரிடமிருந்து, அவர்கள் அறியாமல், சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறான். எடுத்தது சிறிது என்பது அவனுக்கு மன்னிப்பாகாது. அது அவனுடைய உபாயமாகும். காற்றிலும் கணக்கு இதுவே. கழற்றியவனுக்குக் கிடைக்கும் முழக்கத்தின் விலையைச் சாலையோரத்தார் தம் மூச்சால் செலுத்துகிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

“மலையேறும் பழைய டீசல் லாரிகள் இதைவிட அதிகமாகப் புகை கக்கவில்லையா?” என்பது இரண்டாவது வாதம். கக்குகின்றன, அவையும் திருத்தப்படவேண்டியவையே. ஆனால் லாரி நமக்கு உணவைச் சுமந்து செல்கிறது. தேவைக்காக வரும் தீங்கைக் குறைக்க முயல்வதும், இல்லாத தீங்கை விளையாட்டுக்காக உண்டாக்குவதும் ஒன்றாகமாட்டா. பிறர் கடன்பட்டிருப்பது நாமும் கடன்படுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பொதுச் சாலைக்கு வராமல், பந்தயத் திடலில் மட்டும் ஓடும் வண்டியின் நிலை வேறு. அங்கே இருப்பவர்கள் தெரிந்தே வந்தவர்கள். அந்த வேற்றுமையை நாம் மறுக்கவில்லை.

தன் மனையில் எழும் புகை அயலானைத் தொட்டால் என்ன செய்வது என்பது புதிய கேள்வியுமன்று. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த கட்டிடக் கொத்தரான இப்னுர் ராமி, அண்டைவீட்டார் வழக்குகளைத் தொகுத்து ஒரு சட்ட நூல் எழுதினார். அடுப்புப் புகை, தோல் பதனிடும் நாற்றம், இடிக்கும் ஓசை ஆகியவை அதில் ஆராயப்பட்டிருக்கின்றன. சுவருக்கு இப்புறம் உரிமை உடையவன், சுவரைத் தாண்டிச் செல்லும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பதே நம் சட்ட அறிஞர்கள் வழிவழியாகப் போற்றிவந்த நெறி. மோட்டாருக்குச் சுவர் இல்லை; ஆகவே பொறுப்பு குறையவில்லை, கூடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நாணயம் சோதிக்கப்படுகிறது. 2015இல் வோக்ஸ்வாகன் கம்பெனி, பரிசோதனைச் சாலையில் மட்டும் புகையை அடக்கிக்காட்டும் தந்திரத்தை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்தது வெளிப்பட்டது. உலகம் அதை மோசடி என்றது. பெரிய கம்பெனி செய்தால் மோசடி, நாம் ஒரு காரில் செய்தால் ரசனை என்று சொல்ல இடமில்லை.

வியாபாரிகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ரோடியத்தின் விலை 2021இல் தங்கத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. பல நாடுகளில் நிறுத்திவைத்த கார்களிலிருந்து இப்பெட்டிகளை அறுத்துத் திருடும் கொள்ளை பெருகியது. ஆகையால் பழைய இரும்பு வாங்குவோர், பெட்டி வந்த வழியைக் கேட்காமல் வாங்கலாகாது. பட்டறை நடத்துவோர், “வாடிக்கையாளர் கேட்டார், செய்தோம்” என்று ஒதுங்கலாகாது. கலப்படம் கேட்டு வருபவனுக்கு நாம் கலப்படம் செய்து கொடுப்பதில்லை. பழைய கார் விற்போர், பெட்டி கழற்றப்பட்டிருந்தால் அதை வாங்குபவரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும். சரக்கின் குறையை மறைத்து விற்ற லாபம் எத்தகையது என்பதை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை.

உடைமை நமக்கு உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் காற்றை யாரும் நமக்குக் கிரயம் செய்து கொடுக்கவில்லை. அது ஊரார் அனைவரும் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அதைக் குறையாமல் திருப்பிக் கொடுப்பதே நாணயமான வியாபாரிக்கு அழகு.